கயிறு பிடிக்கிறவன்

மோட்டார் வண்டியைப் பற்றி நான் கட்டுரை எழுதுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். என் கதைகளில் கார் வந்து வாசலில் நிற்கும், கதவு திறக்கும், கதாநாயகன் இறங்குவான். அதோடு காரின் வேலை முடிந்தது. அது எதைக் குடிக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று நான் விசாரித்ததே இல்லை. விசாரிக்கும்படி ஒரு நாள் ஆகிவிட்டது.

தூத்துக்குடியில் மில்லர்புரத்தில் எங்கள் வீடு. கிழக்கே கடல், ஊருக்கு வெளியே உப்பளம். இந்தக் காற்றில் வாசற்கதவின் கொண்டிகூட இரண்டு வருஷத்தில் துருவேறிப் போகும். என் தங்கையும் அவள் மகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். மைத்துனர் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பையன் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஆபீஸில் சரக்குக் கணக்குப் பார்க்கிறான். தாய்மாமன் என்ற உரிமையில் அவனை நான் அதட்டலாம். ஆனால் அவனுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டதால் அந்த உரிமையை அதிகம் உபயோகிப்பதில்லை.

போன வருஷம் அவன் பழைய கார் ஒன்று வாங்கினான். சின்ன வண்டிதான், மூன்று சிலிண்டர். ஆனால் டர்போ வைத்தது என்று பெருமையாகச் சொன்னான். அது என்ன என்று என் தங்கை கேட்டாள்.

"புகையா வெளியே போகுது பாருங்கம்மா, அதோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியலாம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலை பாக்கும்."

"வீணாப் போறதைப் பிடிச்சு வேலை வாங்குதான்லா! சாமர்த்தியக்காரன்" என்றாள் என் தங்கை. மிஞ்சின சோற்றை ஒரு நாளும் வெளியே கொட்டாதவள் அவள். அந்தச் சாமர்த்தியக்காரன் ஆல்பிரெட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்து தேசத்து எஞ்சினியர் என்பதும், 1905-ஆம் வருஷமே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டான் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சில மாதம் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு காலையில் கிளப்பும்போது மட்டும் கறுப்பாகப் புகை தள்ள ஆரம்பித்தது. பெட்ரோல் வாடை திண்ணை வரை வந்தது. முன்பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. "என்னடா அது?" என்றேன். "சென்சார் மாமா" என்றான். நானும் பெரிதாகப் புரிந்தவன்போல் தலையை ஆட்டினேன். மேலே கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்துவிடுமே!

ஜனவரி மாதத்தில் ஒரு நாள், இரவு இரண்டு மணிக்கு என் தங்கை என்னை எழுப்பினாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "அண்ணே, நெஞ்சை என்னமோ பண்ணுது" என்றாள். சட்டையைக்கூட மாட்டாமல் பையன் காரைக் கிளப்பினான். பாளையங்கோட்டைக்குப் போய்விட்டால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது என்று புறப்பட்டோம்.

வண்டி ஆரம்பம் முதலே இருமிற்று. வாகைகுளம் விமான நிலையத்தைத் தாண்டியதும் குலுங்கியது. ஒரு சிலிண்டர் நின்றுவிட்டது என்று பையன் முணுமுணுத்தான். கொஞ்ச தூரத்தில் அடியோடு நின்றே போய்விட்டது. சுற்றிலும் இருட்டு. பின் ஸீட்டில் என் தோளில் சாய்ந்து என் தங்கை மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். பையன் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். அப்புறம் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். "108-க்குப் போன் பண்ணுடா!" என்று நான் கத்திய பிறகுதான் அவனுக்குக் கை வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரத்தக் குழாயில் அடைப்பு. சின்னக் கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே வைத்து அடைப்பைத் திறந்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். எத்தனை நாளாக வலி என்று அவளைக் கேட்டார்.

"நாலு நாளா லேசா இருந்துது" என்றாள்.

நாலு நாள்! ஒரே வீட்டில் இருக்கிறோம். மூன்று வேளையும் அவள் கையால் சாப்பிடுகிறோம்.

அவள் வீடு திரும்பியபின், வண்டியை லாரியில் ஏற்றி மூன்றாம் மைல் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மீன்பிடி விசைப்படகுகளின் டீஸல் எஞ்சின்களில் கை பழகியவர். இப்போது மகனும் கூட இருக்கிறான். அப்பா காதால் கேட்கிறார். மகன் மடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பார்க்கிறான். இரண்டு பேருக்கும் தினமும் சண்டை என்று பட்டறையில் வேலை செய்கிற பையன் எனக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தான்.

அண்ணாச்சி ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வைத்தார். மூன்றும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன; ஒன்று பெட்ரோலில் நனைந்திருந்தது. ஒன்றும் பேசாமல் என் மருமகனைப் பார்த்தார்.

"இன்ஜெக்டரை மாத்துனியா தம்பி?"

பையன் தரையைப் பார்த்தான். மாற்றியிருக்கிறான். யாரோ ஒருவன் வண்டியிலிருந்து கழற்றிய பெரிய இன்ஜெக்டர்களை வாங்கித் தானே மாட்டியிருக்கிறான். பெட்ரோல் கூட இறங்கினால் வேகம் கூடும் என்று நினைப்பு. பழைய மூன்றையும் நல்லவேளையாக ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தான்.

அண்ணாச்சி எங்களை உள்ளே அழைத்துப் போனார். அங்கே ஒரு மேஜை. அதில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. இன்ஜெக்டர்களை மேலே பொருத்திவிட்டு மகன் ஒரு பொத்தானை அழுத்தினான். அரை நிமிஷம் பனிபோல் தெளித்தது. பிறகு குழாய்களைப் பார்க்கச் சொன்னார்கள். வண்டியோடு வந்த இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 140 கன சென்டிமீட்டர் விட்டிருந்தது. புதிதாக வாங்கியதில் இரண்டு 195, மூன்றாவது 180.

"நிமிஷத்துக்கு 280 விடுற இடத்துல 390 விடுது. நூத்துக்கு 40 கூடுதல். மூணும் ஒண்ணு போலயும் இல்ல" என்றான் மகன்.

"கூட விட்டா கம்ப்யூட்டர் பாத்துக் குறைச்சுக்காதா?" என்றேன். இந்த ஒரு கேள்வியை நான் மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

மகன் விளக்கினான். அவன் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்பதைக் கம்ப்யூட்டர் அளக்கிறது. காற்றின் அழுத்தம், சூடு, எஞ்சின் சுற்றும் வேகம் எல்லாம் அதற்குத் தெரியும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சற்றுக் குறையும். ஆகவே இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் பெட்ரோலை அது அளந்து ஊற்றுவதில்லை. இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறக்கிற ஒரு சின்ன மூடி. அதை எத்தனை மில்லிஸெகண்ட் திறந்துவைப்பது என்பது ஒன்றுதான் கம்ப்யூட்டரின் கையில் இருக்கிறது. 'இந்த இன்ஜெக்டர் நிமிஷத்துக்கு 280 விடும்' என்று தொழிற்சாலையில் அதன் காதில் ஓதி அனுப்பியிருக்கிறார்கள். அதை நம்பித் திறக்கிறது, நம்பி மூடுகிறது. வெளியே வந்தது 280-ஆ 390-ஆ என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது.

"கண் கிடையாது, மூக்கு உண்டு" என்றார் அண்ணாச்சி, குறுக்கே.

புகைக்குழாயில் ஆக்ஸிஜனை மோந்து பார்க்கிற கருவி ஒன்று இருக்கிறது. பெட்ரோல் மிஞ்சிவிட்டது என்று அது சொன்னால் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. பல வண்டிகளில் நூற்றுக்கு 25 என்ற அளவில் நின்றுவிடும். 140-இல் கால் பங்கு கழித்தால் 105. அப்போதும் 5 மிச்சம். அதற்குமேல் தன்னால் ஆகாது என்று கம்ப்யூட்டர் ஏற்றிவைத்த விளக்குத்தான் நான் பார்த்துவிட்டுத் தலையாட்டிய மஞ்சள் விளக்கு.

அது மட்டுமில்லை. அந்த மூக்கு சூடானால்தான் வேலை செய்யும். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பினால் முதல் சில நேரம் கம்ப்யூட்டர் தன் கணக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகவே விட வேண்டும். அந்தத் தாராளத்தின் மேல் இந்த 40-ம் சேர்ந்தால் பிளக் நனைந்து கரி பிடிக்கும். தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்த கரி, அன்று இரவு இரண்டு மணிக்குக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிட்டிருக்கும். புகைக்குழாயில இருக்கிற சுத்திகரிப்புப் பெட்டி வெந்து போயிருக்கும்" என்றார் அண்ணாச்சி. "இதாவது கரியோட போச்சு. டர்போ வண்டியில காத்தைக் கூட்டிப்புட்டு, பெட்ரோல் அதுக்குத் தக்கனெ வரலைன்னா பிஸ்டன்லயே ஓட்டை விழும். கூடினா கரி, குறைஞ்சா ஓட்டை."

அப்படியானால் எந்த அளவு இன்ஜெக்டர் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? மகன் என் கையிலிருந்த நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினான். இந்த எஞ்சின் 110 குதிரைத்திறன். டர்போ எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் வேண்டும். ஆக முழு வேகத்தில் 30 கிலோ. மூன்று சிலிண்டருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 10 கிலோ. ஆனால் இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்கக் கூடாது. நூற்றுக்கு 80 அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே மணிக்கு 12½ கிலோ விடக்கூடியது தேவை. லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம் என்று வைத்தால் அது ஏறக்குறைய 17 லிட்டர்; நிமிஷத்துக்கு 280 கன சென்டிமீட்டர்.

"தொழிற்சாலைக்காரன் மாட்டின அளவு எதுவோ, அதேதான் வருது பாத்தீங்களா?" என்று சிரித்தான்.

என் மருமகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அப்ப 390-ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டாப் போதும்லா அண்ணே?"

சொல்லலாம்தான் என்றான் அவன். ஆனால் ஒரு எண் போதாது. மின்சாரம் வந்த நொடியே மூடி திறந்துவிடாது. சுமார் ஒரு மில்லிஸெகண்ட் சோம்பல் இருக்கும். பாட்டரி தளர்ந்தால் சோம்பலும் கூடும். 6,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 20 மில்லிஸெகண்ட் அவகாசம் இருப்பதால் அங்கே அது பெரிதில்லை. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது திறப்பதே இரண்டு, மூன்று மில்லிஸெகண்ட்தான்; அதில் ஒன்று தப்பினால் கணக்கே கவிழ்ந்துவிடும். இன்ஜெக்டர் பெரிதாக ஆக, திறக்கும் நேரம் இன்னும் குறையும். தப்பு இன்னும் பெரிதாகும். அந்தச் சோம்பலின் அளவு எழுதிய காகிதம் இன்ஜெக்டரோடு வர வேண்டும். எவனோ கழற்றி விற்றதற்குக் காகிதம் எங்கே இருக்கிறது? இன்னொன்று. 390 என்று எழுதியிருப்பது எந்த அழுத்தத்தில் அளந்தது என்றும் தெரிய வேண்டும். அழுத்தம் 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏறினால் அதே இன்ஜெக்டர் நூற்றுக்கு 15 கூடுதலாக விடும்.

டீஸல் கார்களில் இதைவிடக் கண்டிப்பு உண்டாம். புது மாதிரி டீஸல் இன்ஜெக்டர் பலவற்றின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி பொறித்திருக்கும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்த நாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எது கொஞ்சம் கூட, எது கொஞ்சம் குறைய என்று அளந்து அந்தக் குறியில் எழுதிவிடுகிறார்கள். ஒன்றை மாற்றினாலும் அதன் குறியைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும்.

"அப்பா காலத்துல இதெல்லாம் கிடையாது. பம்ப்பைத் திருகித் திருகிக் காதால கேட்டே சரி பண்ணிருவாங்க" என்றான் மகன். குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

அண்ணாச்சிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பா முத்துக் குளிச்சவரு" என்றார். "1961-ல கடைசியா இங்க முத்துக்குளிப்பு நடந்துதுல்லா, அதுலயும் இறங்கினாரு. எனக்கு அப்ப ஆறு வயசு. கல்லைக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்குறவன் ஒருத்தன். தோணியில கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் ஒருத்தன். மச்சானைத்தான் கயிறு பிடிக்கச் சொல்லுவாங்க. அக்கா தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா, விட மாட்டான். எங்கப்பாவுக்கு எங்க தாய்மாமா பிடிச்சாரு. ஒரு நிமிஷம், மிஞ்சினா ஒண்ணரை நிமிஷம். மேல நிக்கிறவன் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருப்பான். கீழ நடக்கிறது அவனுக்குத் தெரியாது. நேத்து எவ்வளவு மூச்சுப் பிடிச்சானோ அந்தக் கணக்குத்தான்."

கொஞ்சம் நிறுத்தினார்.

"எங்கப்பா ஒண்ணு சொல்லுவாரு. சளி பிடிச்சிருந்தாலும் சரி, ராத்திரி தூங்காம இருந்தாலும் சரி, இறங்குறதுக்கு முன்னால மச்சான்கிட்ட 'இன்னிக்கு எனக்கு மூச்சு கம்மி'ன்னு சொல்லிட்டுத்தான் இறங்கணும். வீறாப்புல சொல்லாம இறங்கினா, மச்சான் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் பிரயோசனம் இல்ல. அவன் நேத்துக் கணக்குக்குத்தான் கயிறை இழுப்பான்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "காதால கேட்டதும் அதுக்குத்தான்லே. படகு எஞ்சின் வாய் திறந்து சொல்லாது. ஓனர் எதை மாத்தினான்னும் சொல்ல மாட்டான்."

மகன் பதில் பேசவில்லை. மடியிலிருந்த கம்ப்யூட்டரை மூடினான்.

அதற்குப்பின் தீர்மானிக்க அதிக நேரம் ஆகவில்லை. தொழிற்சாலை செய்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் அனுமதிப்பதில்லை. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது என்றான் மகன். பையன் துணியிலிருந்த பழைய இன்ஜெக்டர்களை எடுத்து நீட்டினான். புது பிளக், புது ஆயில் போட்டு, கம்ப்யூட்டர் தன் தப்பான திருத்தங்களையெல்லாம் மறக்கும்படி செய்து, சாயங்காலம் வண்டியைக் கிளப்பினார்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மகன் திரையைப் பார்த்தான். "சரியா இருக்கு" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். பட்டறைப் பையன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

வீட்டுக்குத் திரும்பும்போது நானும் மருமகனும் பேசவில்லை. மில்லர்புரம் வந்து வாசலில் நிறுத்திய பிறகு அவன் இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அந்த இன்ஜெக்டருக்குப் பன்னெண்டாயிரம் ஆச்சு மாமா. சீட்டுப் பணம் கட்டணும்னு உங்ககிட்ட வாங்கினேன்லா, அது."

எனக்கு அவனைக் கோபித்துக்கொள்ள நியாயம் இருந்தது. ஆனால் அந்த மஞ்சள் விளக்கு என் கண் முன்னால் எரிந்தது. நானும் ஒன்றை மறைத்தேனே! தெரியாது என்பதை மறைத்தேன். பையன் இன்ஜெக்டரை மறைத்தான். அவன் அம்மா நெஞ்சுவலியை மறைத்தாள். பிள்ளைக்கு லீவு கிடைக்காது, அண்ணனுக்குச் செலவு என்று ஆயிரம் காரணம் வைத்திருப்பாள். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிறோம். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கயிறு பிடித்துக்கொண்டுதான் இருந்தோம், நேற்றுக் கணக்கை வைத்துக்கொண்டு.

"எனக்கு அந்த விளக்கு என்னன்னே தெரியாதுடா. தெரிஞ்சமாதிரி தலையை ஆட்டினேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; எனக்கும்தான்.

உள்ளே போனோம். என் தங்கை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனாளாம். டாக்டர் படி ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று நான் வாயெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"வையாதீங்க அண்ணே, சொல்லிருதேன். பத்துப் படி ஏறினேன். பதினோராவது படியில மூச்சு வாங்கிச்சு. இறங்கி வந்துட்டேன்."

பையன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே '10' என்று எழுதினான்.

அன்றிலிருந்து எழுதிக்கொண்டு வருகிறான். நேற்று வரை 14.